ஒரு தடவைகூடக் கொதிக்கலையா

இல்லக்கா, நான் கேட்டது அது இல்ல. எஞ்சின் ஓடுதா ஓடலையான்னு கேக்கல. விக்கறப்போ எந்த எஞ்சினும் நல்லாத்தான் ஓடும். நான் கேட்டது, ஒரு தடவையாவது கொதிச்சிருக்கா? தண்ணி பொங்கி, ஆவி அடிச்சு, பாதியில அவசரமா எறக்கி... அந்த மாதிரி? நல்லா யோசிச்சு சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல.

ஒரு தடவைகூட இல்லையா? சரி.

நம்பலன்னு யாரு சொன்னா? ஆனா நீங்களே பாருங்க. விளம்பரத்துல பறக்கத் தயார்னு போட்டிருக்கீங்க. வந்து பாத்தா எறக்கை மேல துணி காயுது. சக்கரத்துக்குப் பக்கத்துல கோழி அடை காக்குது. அப்ப எதைத்தான் நம்பறது? சிரிக்காதீங்கக்கா, நான் சிரிப்புக்குச் சொல்லல.

நானா? ரேடியேட்டர் கடையில வேலை பாக்கறேன். கார், லாரி, எது வந்தாலும். எங்க முதலாளிக்குத்தான் இந்த விமானம் வேணும். போய்ப் பாத்துட்டு வான்னு என்னை அனுப்பினாரு. அவருக்குப் பறக்கணும்னு ஆசை. அவரு எடைக்கு இது தரையை விட்டுக் கெளம்புமான்னு தெரியல, அது அவரு பாடு. படிப்பா? நிறுத்திட்டேன். எட்டாவதோட. ஏன்னு கேக்கப் போறீங்க, எல்லாரும் கேப்பாங்க. அதுக்கு முன்னாடி குடிக்கத் தண்ணி குடுப்பாங்க.

அய்யோ, சும்மா சொன்னேன். சரி, கொண்டாங்க.

நல்லா இருக்கு ஷெட். வீட்டுக்குப் பின்னாடியே. அந்த ஜன்னல் எந்த ரூம்? ஸ்டோர் ரூமா? ஸ்டோர் ரூமுக்கு ஃபேன் ஓடுது பாருங்க. ஓ, சுவிட்சை அணைக்க மறந்துட்டீங்க. சரி சரி.

அக்கா, நேராவே சொல்லிடறேன், எனக்குச் சுத்தி வளைச்சுப் பேச வராது. இதைக் கட்டினவரை நான் பாக்கணும். அவரைப் பாக்காம முதலாளிகிட்ட வாங்குங்கன்னு சொல்ல மாட்டேன். வீட்டுல கட்டின விமானம்னா கம்பெனி கேரண்டியா இருக்கு? கட்டின ஆளுதான் கேரண்டி. உங்க வீட்டுக்காரரு எப்ப வருவாரு? தெரியாதா? எப்ப போனாரு? போன மாசமா? போன்ல பேசறப்போ இப்பத்தான் ரெண்டு நாளாச்சுன்னீங்களே. இல்ல, நான் ஞாபகமா வெச்சிருக்கேன். ரெண்டு நாள்னுதான் சொன்னீங்க.

விடுங்க. நான் என் வேலையைப் பாக்கறேன். இந்த மூடியைக் கழட்டட்டுமா? ஸ்க்ரூடிரைவர் நானே கொண்டாந்திருக்கேன்.

இதுதான் டக்ட். ரேடியேட்டருக்குக் காத்து கொண்டுபோற குழாய். முன்னாடி இருக்கு பாருங்க, இது வாய். அதை ஒட்டி தொண்டை, அப்படியே விரிஞ்சு விரிஞ்சு போயி இங்க வயிறு. வயித்துல ரேடியேட்டர் உக்காந்திருக்கு. அதைத் தாண்டுனா மறுபடியும் குறுகி, பின்வாசல். கார்ல இந்தத் தொல்லை எல்லாம் கெடையாது. முன்னாடி ரேடியேட்டரை மாட்டி, பின்னாடி ஃபேனை மாட்டி விட்டா முடிஞ்சுது. விமானத்துல ரேடியேட்டரை வெளிய நீட்டி வெச்சா அது பிரேக் புடிச்ச மாதிரி இழுக்கும். அதனால குழாய்க்குள்ள மறைச்சு வெச்சு, காத்தை உள்ள கூட்டிக்கிட்டு வரணும். வேகமா வர்ற காத்து சின்ன வாய்ல நுழைஞ்சு, வயித்துக்கு வந்ததும் நிதானமாகும். நிதானமானா அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம்தான் காத்தை ரேடியேட்டருக்குள்ள தள்ளும்.

இதுல எல்லாரும் ஒரே தப்பைத்தான் பண்ணுவாங்க. சூடு ஏறுதா, உடனே வாயை வெட்டிப் பெருசாக்குவாங்க. இன்னும் ஏறுதா, இன்னும் வெட்டுவாங்க. உள்ள வந்த காத்து வெளிய போக வழி இருக்கான்னு ஒருத்தரும் பின்னாடி போய்ப் பாக்க மாட்டாங்க. ரெண்டு வாசல்லயும் கூட்டம் நகந்தாத்தானே நடுவுல நகரும்? அப்புறம் இந்த ஓரம். ரேடியேட்டருக்கும் குழாய்க்கும் நடுவுல ஒரு விரல் சந்து இருந்தாப் போதும், காத்து அது வழியா ஓடிடும். காத்துக்கு உடம்பு வணங்காது. என்னை மாதிரி.

உங்களுக்கு இதெல்லாம் தெரியுமா? அவரு சொன்னதே இல்லையா? என்னதான் பேசுவீங்க ரெண்டு பேரும்?

இருங்க, டேப்பைப் புடிங்க. அந்த முனை. கெட்டியா. ம்... ரேடியேட்டர் மூணு பங்குன்னா வாய் ஒரு பங்கு. பின்வாசல் வாயைவிடக் கொஞ்சம் பெருசு. சூடான காத்து உப்பும், அதுக்கு எடம் விட்டிருக்காரு. ஓரத்துல ரப்பர் சுத்தி அடைச்சிருக்காரு. வெட்டிப் பெருசாக்கின தடமே இல்ல. முதல்லயே சரியா போட்ட அளவு.

இந்த அளவு சும்மா உக்காந்து யோசிச்சா வராதுக்கா. முதல்ல அட்டையில குழாய் செய்யணும். அதை ஒரு வேன் மேல கட்டி, ஆளில்லாத ரோட்டுல வெரட்டிக்கிட்டு ஓட்டணும். உள்ள சின்னச் சின்னதா நூல் ஒட்டி வெச்சிருக்கணும். நூலு சுவரோட படுத்துக்கிட்டு ஓடினா நல்ல குழாய். சுத்திச் சுத்தி ஆடினா குழாய் ரொம்ப சீக்கிரம் விரியுதுன்னு அர்த்தம், காத்து சுவரை விட்டுப் பிரியுது. அப்ப பிச்சுப் போட்டு வேற அட்டை. ஒரு தடவை வேன் மேல இருந்த அட்டை பிச்சுக்கிட்டுப் போயி பின்னால வந்த சைக்கிள்காரரு மூஞ்சில ஒட்டிக்கிச்சு. அவரு திட்டுனாரு பாருங்க, அந்த வார்த்தை எல்லாம் அன்னிக்குத்தான் நான்...

எல்லாரும் அப்படித்தான் பண்ணுவாங்க. எங்கயோ கேள்விப்பட்டேன்.

குழாய் மேல ஒட்டியிருக்கற இந்த டேப்பை உரிக்கறேன், பயப்படாதீங்க. அடியில ரெண்டு ஓட்டை இருக்கும். ஒண்ணு ரேடியேட்டருக்கு முன்னாடி, ஒண்ணு பின்னாடி. பாத்தீங்களா? இதுல ட்யூப் மாட்டி தண்ணி மட்டம் வெச்சு அழுத்தம் பாக்கறது. எப்படித் தெரியும்னா? தெரியும். ரேடியேட்டர் கடைன்னு சொன்னேன்ல. சந்தேகப்படறது என் வேலை அக்கா, நீங்க ஏன் ஆரம்பிக்கறீங்க?

சரி, நீங்க கேட்டீங்க, நானும் கேக்கறேன். வால்ல பதிவு நம்பரை ஏன் மாத்தி எழுதியிருக்கு? இங்க பாருங்க, வெள்ளைக்கு அடியில நீலம் எட்டிப் பாக்குது. சொந்தமா கட்டினவரு, சொந்தமா வெச்சிருக்கறவரு, எதுக்கு நம்பரை மாத்தணும்? நீங்க பாக்கறப்பவே இப்படித்தான் இருந்துச்சா. உங்களைக் கல்யாணம் பண்றதுக்கு முன்னாடியே கட்டி முடிச்சாச்சா. தனியாளாவா? தனியாளாத்தான் கட்டினேன்னு சொன்னாரா? வேற யாருமே கெடையாதுன்னாரா?

பொய்.

கோவப்படாதீங்க. நீங்க பொய் சொல்றீங்கன்னு சொல்லல. அவரு உங்ககிட்ட சொன்னது பொய். இந்த ரிவெட் ஆணியைத் தனியாளா அடிக்கவே முடியாது. வெளியில ஒருத்தர் அடிக்கணும், உள்ள ஒருத்தர் இரும்புக் கட்டையை ஆணிக்கு முட்டுக் குடுத்துப் புடிக்கணும். கட்டை கொஞ்சம் சாஞ்சாலும் ஆணி கோணிக்கும். இப்ப இந்த வாயைப் பாருங்க. உங்க கை உள்ள போகுமா? விட்டுப் பாருங்க. முட்டியிலயே நிக்குதுல்ல? என் கையும் போகாது, பாருங்க. ஆம்பளைக் கை நெனைச்சே பாக்க முடியாது. அப்ப தொண்டையில இருக்கற இத்தனை ஆணிக்கும் யாரு கையை விட்டு முட்டுக் குடுத்தது? சொல்லுங்க. பேயா?

ஏன் இவ்ளோ நோண்டறேன்னா, எங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தரோட விமானம் விழுந்துடுச்சுக்கா. டக்ட்னால. அச்சு அசல் இதே மாதிரி டக்ட். சோதனைக்குத்தான் கெளம்பினாரு, ஒரு சுத்து சுத்திட்டு வரேன்னு. வீட்டு ஆளுங்க தரையில வயர்லெஸ்ஸை வெச்சுக்கிட்டு நின்னாங்க. மேல போனவரு பேசறாரு. டக்ட்ல தொண்டைகிட்ட இணைப்பு விட்டுடுச்சு, காத்தெல்லாம் வெளிய போகுது, சூடு ஏறுது, ஏறிக்கிட்டே போகுதுன்னு. அப்புறம் சத்தமே இல்ல. தேடுனாங்க, ஏரியில படகு விட்டுத் தேடுனாங்க. ஒரு இரும்புத் துண்டுகூட கெடைக்கல. தண்ணிக்குள்ள போயிருக்கும்னு எழுதி முடிச்சுட்டாங்க.

ஆமா, பாவம்தான்.

அதான் நான் எந்த டக்டைப் பாத்தாலும் முதல்ல தொண்டையில இணைப்பைப் பாப்பேன். எங்க கடையில எல்லாருக்கும் தெரியும். காருக்கு டக்டே இல்லாட்டியும் குனிஞ்சு எதையோ தேடுவேன்னு கிண்டல் பண்ணுவாங்க. விழுந்த விமானத்தை மட்டும் பாக்க முடியலையே. அது கையில கெடைச்சிருந்தா எந்த ஆணி விட்டுச்சுன்னு ஒரு நிமிஷத்துல சொல்லியிருப்பேன். அதைத் தெரிஞ்சுக்காம ஒருத்தருக்குத் தூக்கம் வராது. யாருக்கா? முட்டுக் குடுத்த ஆளுக்கு. வேற யாருக்கு?

அந்த டார்ச்சைக் கொஞ்சம் காட்டுங்க. இல்ல, கீழ. மூடிகிட்ட.

கறை இல்ல. கொதிச்ச ரேடியேட்டர்ல மூடியைச் சுத்தி, ட்யூப் மாட்டற எடத்துல, பச்சையா உப்பு மாதிரி ஒரு கறை புடிச்சிருக்கும். கழுவினாலும் போகாது, சொரண்டணும். நாள் பூரா அதைத்தான் சொரண்டறேன், எனக்குத் தெரியாதா? இதுல ஒரு பொட்டுகூட இல்ல. பக்கத்துல பெயிண்டும் கருகல. நீங்க சொன்னது சரிதான். இது ஒரு தடவைகூடக் கொதிக்கல.

ஒண்ணுமில்ல. தூசி. கண்ணுல.

ஆனா இங்க மட்டும் நாலு ஆணி புதுசு. வயித்துக்கு முன்னாடி, பக்கவாட்டுல. சின்னதா ஒட்டு போட்டிருக்கு. பளபளன்னு இருக்கு, இன்னும் தூசிகூட உக்காரல. இது போன மாச வேலை இல்லக்கா. இந்த வாரத்து வேலை. ஊர்ல இல்லாதவரு எப்படி... சரி, மெக்கானிக் வந்தாரா? எந்த மெக்கானிக்? அவரு கை மட்டும் எப்படி உள்ள போச்சு?

யாரு, உங்க பொண்ணா? வா வா. பயப்படாத, நான் கடிக்க மாட்டேன். இல்லக்கா, இருக்கட்டும், வெரட்டாதீங்க. இப்ப என்ன சொல்லிக் கூப்பிட்டீங்க?

குட்டிக்கையா?

யாரு வெச்ச பேரு? அவங்கப்பாவா? ம். நல்ல பேரு.

எங்க, கையைக் காட்டு பாப்பா. சட்டையை மேல தூக்கு. இது என்ன இவ்ளோ பெரிய கீறல்? வெளையாடறப்போ விழுந்துட்டியா? நீங்க சொல்லாதீங்கக்கா, அது சொல்லட்டும். யாரு சொன்னா வெளிய சொல்லக் கூடாதுன்னு? சரி, சொல்ல வேணாம். உனக்கு ஒண்ணு காட்டறேன். இங்க பாரு, என் கை. முட்டிக்குக் கீழ. இந்த வெள்ளைக் கோடு தெரியுதா? இது ஒண்ணு, இது ஒண்ணு, இது அடியில. உன்னுது மாதிரியே இருக்குல்ல? இதே எடம். ஓரத்துல தகடு கிழிக்கும். கையை வெளிய எடுக்கறப்போதான் கிழிக்கும், உள்ள விடறப்போ கிழிக்காது. கட்டை கனமா இருந்துச்சா? நல்லா முட்டுக் குடுத்தேன்னு சொல்லி முடியைக் கலைச்சு விட்டாரா?

போய் வெளையாடு பாப்பா. கோழியை மிதிச்சுடாத.

என்ன வயசு? அஞ்சா. ம்.

அக்கா, உக்காருங்க. அந்த ஸ்டூல்ல உக்காருங்க. நான் இவ்ளோ நேரமா உங்களை அக்கா அக்கான்னு கூப்பிட்டுக்கிட்டு இருக்கேன். முறைப்படி பாத்தா சித்தின்னுதான் கூப்பிடணும்.

ஆமா. ஏரியில தேடுனாங்கன்னு சொன்னேனே, அவருதான் எங்கப்பா. விளம்பரத்துல போட்டோ பாத்தேன். ஆளைப் பாக்கல, ஆளு போட்டோவுல இல்ல. இந்த டக்டைப் பாத்தேன். வாய் ஓரத்துல ஒரு நெளிவு இருக்கு பாருங்க, அது நான் ஸ்டூல்லேருந்து விழுந்தப்போ புடிச்சுத் தொங்கினது. கடையில ரேடியேட்டரைக் கழுவிக்கிட்டே போனைப் பாத்தேன், கையில இருந்த பிரஷ் கீழ விழுந்துடுச்சு. முதலாளிக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது. லீவு சொல்லிட்டு வந்திருக்கேன்.

உங்களுக்கு நெஜமாவே தெரியாதா? நான் வர்ற வழி பூரா உங்களைத்தான் சந்தேகப்பட்டேன். எல்லாம் தெரிஞ்ச ஆளா இருப்பீங்க, ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணினதா இருக்கும், போய் நறுக்குன்னு நாலு கேள்வி கேக்கணும்னு வந்தேன். உங்க மூஞ்சியைப் பாத்தா உங்களுக்கும் என் கதிதான் போல. யாருமே இல்லாத ஆளுன்னு சொன்னாரா? அம்மா இருக்கு. நான் இருக்கேன்.

ஒண்ணு மட்டும் சொல்லுங்க. போன்ல நான் பேசறப்போ ஸ்பீக்கர்ல போட்டிருந்தீங்களா? அவரு பக்கத்துல இருந்தாரா? என் குரலைக் கேட்டதும்தான் ஊர்ல இல்லன்னு சொல்லச் சொன்னாரா?

அப்ப குரல் ஞாபகம் இருக்கு.

இல்ல, கூப்பிடாதீங்க. அந்த ஜன்னல்ல ஃபேன் நின்னுடுச்சு, கவனிச்சீங்களா? நாம பேசறது நல்லாக் கேக்கணும்னு நிறுத்தியிருப்பாரு. கேக்கட்டும். நான் மெதுவாப் பேசற ஆளு இல்ல.

அன்னிக்கு வயர்லெஸ்ஸை நான்தான் புடிச்சுக்கிட்டு நின்னேன் சித்தி. தொண்டைகிட்ட இணைப்பு விட்டுடுச்சுன்னு சொன்னாரே, அந்தத் தொண்டையில அவ்ளோ ஆணிக்கும் முட்டுக் குடுத்தது என் கை. அது எல்லாருக்கும் தெரியும், அவருதானே ஊர் பூரா பெருமையாச் சொன்னாரு, எங்க குட்டிக்கை புடிச்ச ஆணின்னு. அப்புறம் ஸ்கூல்ல எனக்கு வேற பேரு வெச்சாங்க. அப்பனை வேக வெச்சவ. எட்டாவது வரைக்கும் தாக்குப் புடிச்சேன். அம்மா ஒரு வார்த்தை சொன்னதில்ல. ஆனா சாப்பாடு போடறப்போ என் கையைப் பாக்கும். மூஞ்சியைப் பாக்காது, கையைப் பாக்கும். ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, இத்தனை வருஷமா. கடைசியா புடிச்ச ஆணி கொஞ்சம் சாஞ்சுதா, கட்டை நழுவுச்சா, எனக்குக் கை வலிச்சப்போ போதும்னு சொல்லியிருக்கணுமான்னு படுத்தா அதே நெனப்புதான்.

சூடே ஏறாத எஞ்சினை வெச்சுக்கிட்டு சூடு ஏறுதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. போறவரு எதையாவது சொல்லிட்டுப் போகட்டும். பெட்ரோல் தீந்துபோச்சுன்னு சொல்லியிருக்கலாம். கண்ணு தெரியல, மேகம்னு சொல்லியிருக்கலாம். எவ்ளோ இருக்கு. ஏன் என் ஆணியைச் சொன்னாரு?

நீங்க அழாதீங்க. எனக்கு அழறவங்களை என்ன பண்றதுன்னு தெரியாது.

போனைக் கொஞ்சம் புடிங்க, லைட்டை வாய்க்குள்ள காட்டுங்க. குச்சியில கண்ணாடி கட்டிக் கொண்டாந்திருக்கேன். இதுக்காகத்தான் வந்ததே. இன்னும் கொஞ்சம் மேல. அங்கதான், தொண்டை. நிறுத்துங்க.

எல்லாம் நிக்குது. ஒண்ணுகூட சாயல. தட்டிப் பாக்கறேன், கேளுங்க. கிண்ணுனு இருக்கு. ஒண்ணுகூட ஆடல.

நீங்களும் ஒரு தடவை பாருங்க. யாராவது ஒருத்தர் என்கூடப் பாத்திருக்கணும். தெரியுதா? ரெண்டு போட்டோ எடுத்துக்கறேன், அம்மாகிட்ட காட்டணும். அம்மாகிட்ட மீதியை எப்படிச் சொல்றதுன்னு பஸ்ல யோசிச்சுக்கறேன்.

மூடியை நானே மாட்டிடறேன். வாங்க வர்றவங்ககிட்ட தைரியமாச் சொல்லுங்க, டக்ட் நல்ல டக்ட், வாயைப் பெருசாக்கறேன்னு யாரும் வெட்ட வேணாம். அந்தப் புது ஒட்டை மட்டும் பிரிச்சுத் திரும்பப் போடச் சொல்லுங்க, அதுல ரெண்டு ஆணி சாஞ்சிருக்கு. அஞ்சு வயசுக் குழந்தை என்ன பண்ணும், கட்டை கனம். அது தப்பு இல்லன்னு இன்னிக்கே அதுகிட்ட சொல்லிடுங்க. இனிமே அவரு அது கையை இதுக்குள்ள விடச் சொன்னாலும் சம்மதிக்காதீங்க சித்தி.

வேணாம், அவரு வெளிய வர வேணாம். அப்படியே இருக்கட்டும். நான் அவரைப் பாக்க வரல, டக்டைப் பாக்கத்தான் வந்தேன்.